மூலை வெட்டாத சீட்டு

வண்ணாரப்பேட்டைக்குப் புடவை எடுக்க வருகிறவர்களில் பேரம் பேசத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் மடிப்புக்குள் செருகியிருக்கும் சீட்டைப் படிக்கத் தெரிந்தவர்கள் அவர்களில் ஒருவர்கூடக் கிடையாது. விலை கேட்டதும் விற்கிறவர் அந்தச் சீட்டை ஒரு புரட்டுப் புரட்டுவார். அதில் புடவையின் ரகம், ஒரு ஸ்டாக் நம்பர், கீழே இரண்டு மூன்று தமிழ் எழுத்துகள் இருக்கும். அந்த எழுத்துகள்தான் கடைக்கு அடக்கமான விலை. அதற்குமேல் எவ்வளவு ஏற்றலாம் என்பதை வந்தவரின் காதையும் கழுத்தையும் பார்த்து முடிவு செய்வார். எழுபதுகளில் அந்தச் சீட்டுகளை எழுதித்தான் நான் வயிறு வளர்த்தேன்.

கடை ஒரு மொத்த வியாபாரக் கடை. முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். முன்பக்கம் விற்பனை. பின்பக்கம் கிடங்கில் நாங்கள் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து மடிப்போம், சீட்டு எழுதுவோம், நூல் கோத்துக் கட்டுவோம். எழுதுகிற வேலை மட்டும் என்னிடம் இருந்தது. கையெழுத்து அழகு என்பதால் இல்லை. வாயை மூடிக்கொண்டிருப்பேன் என்று பாய்க்கு நம்பிக்கை.

அந்தப் பேட்டையில் கடைக்குக் கடை ஒரு குறி உண்டு. எங்கள் கடையின் குறி, ‘தெருமுனையில் பழைய குழாய்’. புள்ளி வைத்த எழுத்துகளைத் தள்ளிவிட்டால் பத்து எழுத்துகள் மிஞ்சும். தெ என்றால் ஒன்று, ரு என்றால் இரண்டு, அப்படியே போய் ழா என்றால் சைபர். இதை மனப்பாடம் செய்ய ஒரு நாள் போதும். அதனால் மறந்துபோகவும் வழியில்லை. வேலையை விட்டு எதிர்க் கடைக்குப் போகிறவன் எங்கள் விலையையும் மண்டையில் ஏற்றிக்கொண்டுதான் போவான். ஆகவே வருஷத்துக்கு ஒரு தடவை, புதுக் கணக்கு போடும் சமயத்தில், பாய் குறியை மாற்றுவார். வாக்கியம் மாறாது. எந்த எழுத்தில் ஒன்று ஆரம்பிக்கிறது என்பதுதான் மாறும். ஒரு வருஷம் ‘மு’வில் ஆரம்பிப்போம், அடுத்த வருஷம் ‘ப’வில்.

குறி மாறுகிற அன்றைக்கு முதலில் கையில் எடுக்க வேண்டியது பேனா இல்லை, கத்தரி. கடையில் கிடக்கும் பழைய சரக்கின் சீட்டுகள் அத்தனைக்கும் வலது மூலையை வெட்ட வேண்டும். மூலை வெட்டிய சீட்டைப் பழைய குறியில் படிக்க வேண்டும், முழுச் சீட்டைப் புதுக் குறியில் படிக்க வேண்டும். எல்லாவற்றையும் வெட்டி முடிக்காமல் ஒரே ஒரு புதுச் சீட்டுகூட எழுதக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பாய் கறாராக இருப்பார்.

“சீட்டு ஊமை இல்லம்மா” என்பார். “தப்பா கேட்டாலும் ஒரு பதில் சொல்லும். அதான் பேஜாரு.”

உண்மைதான். தப்பான குறியில் படித்தாலும் சீட்டு ஒரு விலையைக் காட்டும். பார்த்தால் நியாயமான விலையாகவும் இருக்கும். தப்பு என்று அது வாய் திறக்காது.

என் வீட்டுக்காரர் எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு வார்ப்படக் கம்பெனியில் வேலை பார்த்தார். உலையிலிருந்து இரும்புக் குழம்பை அச்சில் ஊற்றுகிற வேலை. நாங்கள் கொருக்குப்பேட்டையில், கூட்ஸ் வண்டிகள் ஷண்டிங் செய்யும் தண்டவாளத்தை ஒட்டி ஓர் ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். எங்களுக்கு ஒரே பெண். அப்போது நாலு வயது. பாப்பா என்றுதான் கூப்பிட்டோம். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் கோயில் பதிவில் மட்டும் இருந்தது. நான் வீட்டுக்குக் கொண்டுவரும் மூலை வெட்டிய பழைய சீட்டுகள் அவளுக்கு பஸ் டிக்கெட். கதவுப்படியில் நின்றுகொண்டு, “தண்டையார்பேட்டை, தங்கசாலை, ரை ரைட்” என்று கூவுவாள். அவள் அப்பா மூன்று ஷிப்டு வேலைக் களைப்பிலும் டிக்கெட் வாங்காமல் வீட்டுக்குள் நுழைய முடியாது.

கம்பெனியில் ஸ்டிரைக் வந்தது. ஏன் வந்தது, எது நியாயம் என்று எழுத ஆரம்பித்தால் அதற்கு இன்னொரு புத்தகம் வேண்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டாவது மாதம் கேட்டில் அடிதடி நடந்தது, அதற்கு அடுத்த நாளிலிருந்து வீடு வீடாக போலீஸ் வந்தது. வாரண்ட் இருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் ஒளிந்தார்கள். என் வீட்டுக்காரர் பெயரும் அதில் இருந்தது.

சங்கத்துச் செயலாளர் அதே கம்பெனியில் அச்சு கட்டுகிறவர். இரண்டு முழங்கையிலும் இரும்புப் பொறி பட்ட தழும்புகள் அம்மைத் தழும்பு மாதிரி இருக்கும். நான் அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். அவருடைய தலைவலி இதுதான். ஒளிந்திருப்பவர்களுக்குச் செய்தி போக வேண்டும், அரிசி போக வேண்டும், மருந்து போக வேண்டும். இடங்கள் வாரத்துக்கு வாரம் மாறும். எல்லாவற்றையும் ஒருவர் தலையில் வைத்திருக்க முடியாது, காகிதத்தில் எழுதி வைத்தால் அந்தக் காகிதம் போலீஸ் கையில் சிக்கும். அவர் எங்கள் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் வீட்டுக்கு எடுத்து வந்த சீட்டுக் கட்டை எழுதிக்கொண்டிருந்தேன். பேச்சை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்தார்.

“இது இன்னாம்மா எழுத்து?”

சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது என்று சிலர் பிற்பாடு என்னிடம் சொன்னார்கள். அவர்கள் வாயில் மண். அன்றைக்கு அதைவிட நல்ல யோசனை யாரிடமும் இல்லை.

இப்படித்தான் ஸ்டிரைக்காரர்களின் முகவரிகள் பாய் கடைக்குள் வந்தன. கிடங்கில் சீட்டுகள் வைக்கும் மர டிராயர்கள் பத்துப் பன்னிரண்டு உண்டு. அதில் கடைசி டிராயரை ஒதுக்கினோம். உள்ளே இருப்பவை பார்ப்பதற்குப் புடவைச் சீட்டுகள்தான். ரகம் என்று போட்டிருப்பது பேட்டையின் பெயர். சுங்கடி என்றால் திருவொற்றியூர், லுங்கி என்றால் காசிமேடு, வாயில் புடவை என்றால் எம்.கே.பி. நகர். ஸ்டாக் நம்பர் என்பது ஆளின் கம்பெனி டோக்கன் நம்பரைத் திருப்பிப் போட்டது. கீழே உள்ள எழுத்துகள் வீட்டு நம்பர். ஸ்டிரைக் முடியும்வரை எங்களுக்கு ‘தெ’தான் ஒன்று என்று வைத்துக்கொண்டோம். தனியாக ஒரு காவல்காரன் கிடையாது, கேட்டு வாங்கிக் கொடுக்க ஓர் ஆள் கிடையாது. குறி தெரிந்தவர் வருவார், துண்டோ லுங்கியோ பார்க்கிற மாதிரி பின்பக்கம் போவார், டிராயரைத் திறந்து படிப்பார், மூடிவிட்டுப் போவார். அப்படிக் குறி தெரிந்தவர்கள் மூன்று பேர். நான், அண்ணன், செய்தி கொண்டுபோகிற ஒரு தொழிலாளி. பாய்க்குத் தெரியாது என்று வைத்துக்கொண்டோம். பாயும் தனக்குத் தெரியாது என்று வைத்துக்கொண்டார்.

அதோடு ஒரு சட்டமும் போட்டார்கள். அதற்குக் காரணம் இருந்தது. போலீஸ் வர ஆரம்பித்த முதல் வாரத்தில் காசிமேட்டில் ஒளிந்திருந்த ஒருவரின் கூடப்பிறந்த தம்பியையே போலீஸ் அடித்து இழுத்து வந்து, தெருத் தெருவாகக் கதவைத் தட்டச் சொன்னது. தம்பி குரல் கேட்டு அவர் வெளியே வந்தார், மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அண்ணன் எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொன்னார். நம் ஆளாக இருந்தால் சீட்டைப் படித்துவிட்டு நேராக உன் கதவுக்கு வருவான். வேறு கதவைத் தட்டுகிறவன் யாராக இருந்தாலும், பெற்ற தாயாகவே இருந்தாலும், பின்னால் போலீஸ் இருக்கிறது என்று அர்த்தம். அசையாதே.

என் வீட்டுக்காரர் கிளம்புகிற அன்று பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் சட்டையை ஒரு துணிப்பையில் திணித்துக்கொண்டே சொன்னார்.

“என் சீட்ட அண்ணன்தான் எழுதுவாரு. நீ அத்த பாக்காதே.”

“நான் நாள் பூரா குந்திகினு கீற எடத்துல உன் சீட்ட வெச்சிட்டு, பாக்காதேன்றியே.”

“தெரிஞ்சுதுன்னா உன் மூஞ்சியே சொல்லிடும்மே. உனக்கு மறைக்கத் தெரியாது.” பையைத் தோளில் போட்டார். “பாப்பாவுக்கோ உனக்கோ எதனா ஒண்ணுன்னா மட்டும் பாரு. பாத்துட்டு நேரா அந்தக் கதவுக்கு வா. வேற எங்கயும் தட்டாதே.”

எனக்கு மறைக்கத் தெரியாது என்று அவர் சொன்னது எனக்கு ரோஷமாக இருந்தது. அதனாலேயே அந்த டிராயரை நான் தொடவில்லை. ஒரு மாதத்துக்குமேல், கையை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் என் புருஷன் எங்கே இருக்கிறான் என்பது இருந்தது. மற்றப் பெண்கள் டீ குடிக்கப் போகும்போது நான் மட்டும் தனியாக அதன் எதிரில் உட்கார்ந்திருப்பேன். ஒரு தடவை வந்து விசாரித்த போலீஸ்காரர் கன்னத்தில் அறைந்து, “எங்கடி அவன்?” என்று கேட்டார். தெரியாது என்று சத்தியமாகச் சொன்னேன். உண்மையைச் சொல்வது எவ்வளவு சுலபம் என்று அப்போது தெரிந்தது.

பாப்பாவுக்குத் தொண்டை வலி என்று ஆரம்பித்தது. வெந்நீர் கொடுத்தேன், கழுத்தில் சுண்ணாம்பு தடவினேன், கோயில் மெழுகுவர்த்தி ஏற்றினேன், யார் யார் என்ன சொன்னார்களோ எல்லாம் செய்தேன். கழுத்து வீங்கிவிட்டது. சாப்பிட்டது மூக்கு வழியாக வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தொண்டை அடைப்பான் என்றார்கள். ஊசிமேல் ஊசி போட்டார்கள். நான் கடைக்குப் போகவில்லை, அவள் கட்டில் காலடியிலேயே கிடந்தேன். மூச்சு விடும்போது அவள் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை இன்றைக்கும் என்னால் எழுத முடியவில்லை, எழுதவும் வேண்டாம். அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் “நைனா” என்றாள். காய்ச்சலில் என்னை டிக்கெட் எடுக்கச் சொன்னாள்.

காலையில் பார்க்க வந்த டாக்டர், சின்ன வயசுக்காரர், நாடியைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இதயத்தைப் பிடித்துவிட்டது என்றார். “அப்பா இருக்காரா? இருந்தா உடனே வரச் சொல்லுங்க.” சொன்னவரால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எதிர்க் கட்டிலில் இருந்த பிள்ளையின் தாயிடம் பாப்பாவை ஒப்படைத்துவிட்டுக் கடைக்கு ஓடினேன். ஆஸ்பத்திரியிலிருந்து நடக்கிற தூரம்தான். என்னைப் பார்த்ததும் பாய் கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டார். நான் கேட்பதற்கு முன்பே கிடங்குக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

“உங்க ஆளு ஒர்த்தன புடிச்சிட்டாங்களாம். அந்தச் செய்தி எடுத்துகினு போற ஆளு. அதான் குறிய மாத்திட்டாரு உங்க அண்ணன். நாலாவது எழுத்துல ஆரம்பம்னு உன்னாண்ட சொல்லச் சொன்னாரு. ரெண்டு நாளா மத்தியானத்துல வந்து இங்கயே குந்திகினு ஒவ்வொண்ணா மாத்தி எழுதினாரு. வேலை முடிஞ்சுது போலக்கீது, இன்னிக்கி வரல.”

அன்று விடிகாலையில் திருவொற்றியூர் பஸ் ஸ்டாப்பில் அண்ணனைப் பிடித்துவிட்டார்கள் என்பது பாய்க்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

டிராயரைத் திறந்தேன். புத்தி தெளிவாகத்தான் இருந்தது. எங்கள் தொழிலில் சீட்டைக் கையில் எடுத்ததும் முதலில் பார்ப்பது மூலையைத்தான். கட்டை விரலால் சீட்டுகளின் ஓரத்தை ஒரு சரசரப்பில் தடவிப் பார்த்தேன். ஒன்றுகூட மூலை வெட்டப்படவில்லை. அப்படியானால் பழைய குறியில் ஒன்றுகூடப் பாக்கியில்லை என்று அர்த்தம். என் வீட்டுக்காரரின் நம்பரைத் தேடி எடுத்தேன். ரகம் வாயில். கீழே அண்ணனின் கோணல் எழுத்தில் ‘யப’ என்று இருந்தது. நாலாவது எழுத்தான ‘னை’யிலிருந்து எண்ணினேன். ய ஐந்து, ப மூன்று. எம்.கே.பி. நகர், ஐம்பத்து மூன்றாம் நம்பர்.

பாய் பஸ்ஸுக்கு விடாமல் ஒரு சைக்கிள் ரிக்ஷாவை நிறுத்தி ஏற்றிவிட்டார். ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டி ஒன்று நகர்ந்துகொண்டே இருந்தது. வாழ்நாள் முழுக்க அந்த வண்டிச் சத்தத்தில் தூங்கினவள்தான் நான். அன்றைக்கு அந்த வண்டியின் டிரைவரைப் பெயர் தெரியாமலே சபித்தேன்.

எம்.கே.பி. நகர் அப்போது புதுசு. அரசாங்கம் கட்டிக் கொடுத்த மாடி வீடுகள், எல்லாம் ஒரே மாதிரி, எதிரும் புதிருமாக. நடுவில் ஒரு பொட்டல், அதில் ஓர் அடி பம்பு. ஐம்பத்து மூன்று கீழ்த்தளத்தில் இருந்தது. கதவைத் தட்டினேன். என் வயசுக்காரி ஒருத்தி தலையை அள்ளி முடிந்துகொண்டே திறந்தாள். பின்னாலிருந்து வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது.

“வாயில் புடவை கேட்டீங்களாமே” என்றேன். அதுதான் பேசி வைத்திருந்த வார்த்தை.

“நாங்க யாரையும் கேக்கலியேம்மா.”

“பாய் கடையிலேர்ந்து. வாயில் புடவை.”

“இன்னாம்மா நீ? இங்க யாரும் புடவை கேக்கல. இன்னா நம்பர் சொன்னாங்க?”

அவள் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தேன். ஒரே அறை. ஒரு தொட்டில், ஓர் அடுப்பு. ஒளிய இடமே இல்லை. எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “எம் பொண்ணு சாவக் கெடக்குதும்மா, அவர வரச் சொல்லும்மா” என்றேன். அவள் பாவம், யார் அவர் என்று கேட்டாள். சொல்ல முடியாது. பெயரைச் சொன்னால் அந்தப் பெயருக்கு வாரண்ட் இருக்கிறது. அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்தன. பம்படியில் தண்ணீருக்காக நின்றுகொண்டிருந்த இரண்டு ஆண்கள், “இன்னா தகராறு?” என்று என் பின்னால் வந்து நின்றார்கள்.

இடத்தை மாற்றியிருப்பார்கள் என்று நினைத்தேன். இல்லை, பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள். குறி தப்பாக இருக்கும் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. ஏன் தோன்ற வேண்டும்? எழுத்து நம்பரைச் சொன்னது, சொன்ன நம்பரில் கதவு இருந்தது, தட்டினதும் திறந்தது. என்மேல் தப்பில்லை. இதை நான் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

பம்படியில் நின்று அழுதேன். வாய்விட்டு, மாரில் அடித்துக்கொண்டு அழுதேன். ஐம்பத்து மூன்றாம் நம்பர்க்காரி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ரிக்ஷாக்காரர் வந்து, “வாம்மா, புள்ளையாண்ட போலாம்” என்று கூட்டிக்கொண்டு போனார்.

அன்று பொழுது சாய்வதற்குள் பாப்பா போய்விட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். “நைனா வண்டி ஓட்டிகினு வர்றாரு, இரு கண்ணு” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு மறைக்கத் தெரியாது என்று அவர் சொன்னார் அல்லவா, பொய்யே சொன்னேன்.

மறுநாள் ராயபுரத்துக் கோயிலில் மணி அடித்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அடிக்கிற மணி வேறு மாதிரி இருக்கும். குழிக்குள் முதல் பிடி மண் தகப்பன் போட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். கூட்டம் சுற்றுமுற்றும் பார்த்தது. கல்லறை வாசலில் மஃப்டியில் இரண்டு பேர் அவருக்காகக் காத்திருந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பாய் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தூரத்தில் நின்றிருந்தார். கடைசியில் நானே போட்டேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அண்ணன் ஜாமீனில் வந்தார். கடையில் கேள்விப்பட்டு நேராக வீட்டுக்கு வந்தார். தரையில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

“அவனுக்கு ஆள் அனுப்பலியாம்மா?”

“நானே போனேன். அம்பத்தி மூணுல யாருமே இல்ல.”

“அம்பத்தி மூணா? அவன் கீறது எம்பத்தி ஆறாச்சே.”

சொல்லிவிட்டு அவரே வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கும் அந்த நொடியிலேயே கணக்கு வந்துவிட்டது. பழைய குறியில் ய எட்டு, ப ஆறு. அவர் கையெழுத்துக் கோணல்தான், எழுத்தில் தப்பில்லை. மாற்றாமல் விட்ட சீட்டு அது.

“பாதிதாம்மா மாத்தினேன். அதுக்குள்ள புடிச்சிட்டானுங்க.”

“மாத்தாதத மூலை வெட்டிட்டுத்தானே பேனாவ எடுக்கணும்? எத்தினி தபா சொல்லிக்கீறேன்? முதல்ல வெட்டு, அப்பால எழுத்து!”

அவர் தழும்பேறிய கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார். “எங்க கம்பெனியில ஒர்த்தன வேலைய விட்டுத் தூக்கினா, டைம் ஆபீஸ்ல அவன் கார்டு மூலைய வெட்டி ஆணியில மாட்டுவானுங்க. ஸ்டிரைக்கு ஆரம்பிச்சதுலேர்ந்து நம்ம பசங்க கார்டு எல்லாம் அந்த ஆணியிலதான் தொங்கிகினு கீது. அத்தினி பேர் சீட்டையும் என் கையால வெட்டணுமான்னு இருந்திச்சு. கத்தரிய எடுத்தேன். கை வரல. எல்லாத்தையும் மாத்தி எழுதி முடிச்சிட்டா வெட்டவே வேணாமேன்னு பாத்தேன்.”

கை வரவில்லையாம். நான் அன்றைக்கு அவரைப் பேசிய பேச்சைத் தெருவே நின்று கேட்டது. அவர் கெட்டவர் இல்லை. போலீஸில் நகத்தைப் பிடுங்கியும் ஒருவர் பெயரைக்கூடச் சொல்லாதவர். தொழிலாளியின் அட்டையில் கத்தரி வைக்க மனம் வராதவர். இதெல்லாம் எனக்குத் தெரியும். இருந்தும் அவரை நான் மன்னிக்கவில்லை, அவர் செத்தபோது போய் மாலை போட்டுவிட்டு வந்தேனே தவிர, இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

அன்று மாலையே அண்ணன் போய் எண்பத்து ஆறாம் நம்பரில் சொல்லியிருக்கிறார். இருட்டுவதற்குள் என் வீட்டுக்காரர் வந்துவிட்டார். வாரண்ட் இருந்ததை அவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. மறுநாள் காலையில் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள், அது வேறு கதை. கதவுப்படியில் ஒரு நிமிஷம் நின்றார், டிக்கெட் கேட்க ஆள் இல்லாமல். பிறகு உள்ளே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். தாடி வளர்ந்து, ஆள் பாதியாக இருந்தார். சோறு போட்டேன், தொடவில்லை. ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். மண் யார் போட்டார்கள் என்று கேட்டார், சொன்னேன். நான் எம்.கே.பி. நகருக்குப் போனதைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. அண்ணனும் அதைச் சொல்லியிருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். சொல்ல அவருக்கு எங்கே வாய் இருக்கிறது? இதுவும் சேர்ந்து இவர் தலையில் ஏற வேண்டாம் என்று நினைத்தேன்.

கூட்ஸ் வண்டி ஒன்று போய் முடிந்தது. அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“அன்னிக்கி மஞ்சப் புடவை கட்டிகினு இருந்தே.”

எனக்கு முதலில் புரியவில்லை.

“எம்பத்தி ஆறு மூணாவது மாடிமே. ஜன்னலாண்ட குந்திகினா நேரா கீழ அம்பத்தி மூணு தெரியும். ரிக்ஷாவுல எறங்கும்போதே பாத்துட்டேன். எயுந்து கதவாண்ட வந்துட்டேன். அப்பால நீ அந்தக் கதவைத் தட்டினே. உன் பின்னாடி ரெண்டு ஆம்பளைங்க வந்து நின்னானுங்க.” நிறுத்திவிட்டு மூச்சு வாங்கினார். “உன்னை அடிச்சு இட்டாந்துகீறானுங்கன்னு நெனைச்சேன். என் சீட்ட பாத்துட்டு, வேணும்னே தப்புக் கதவைத் தட்டி எனக்கு ஜாடை காட்டறேன்னு நெனைச்சேன்.”

நான் அவர் கையைப் பிடித்தேன். கை சில்லென்று இருந்தது.

“அப்பால பம்பாண்ட நின்னு மாருல அடிச்சிகினு அழுதியே. இவளுக்கு மறைக்கத் தெரியாதுன்னு சொன்னமே, எவ்ளோ நல்லா நடிக்கிறா பாருன்னு, அங்க குந்திகினு சந்தோசப்பட்டேன்மே.”